எண்கள் எல்லாம் சரியாக இருந்த வண்டி

எங்கள் குடும்பத்தில் இந்த நிகழ்ச்சி குறைந்தது மூன்று வடிவங்களில் வழங்கிவருகிறது. ஒரு வடிவத்தில் பட்டாசு ஆலையின் மதிற்சுவர் இடிந்து விழுகிறது. மற்றொன்றில் தீயணைப்பு வண்டி வருகிறது. என் சின்ன மாமியார் சொல்லும் வடிவத்தில் நான் ஒரு பனைமரத்தின் உச்சியில் அமர்ந்திருக்கிறேன். மெய்ப்புத் திருத்துவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத எதையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் ஒழுங்கு. ஆகவே இங்கே சரிபார்த்த விவரங்களை மட்டுமே தருகிறேன். வண்டியின் ஆர்.சி. புத்தகம் என்னிடம் இருக்கிறது. என் மனைவியின் தம்பி இக்பால் இரண்டு இடங்களில் உடனிருந்தவன், அவனிடம் கேட்டேன். ஆலையின் போர்மேனைத் தொலைபேசியில் அழைத்து, அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதன்பின் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். பனைமரத்தைப் பொறுத்தவரை நேரில் போய்ப் பார்த்தேன். அந்த ஆலையைச் சுற்றிப் பனைமரமே இல்லை. வண்டிக்குப் பின்பார்வைக் கண்ணாடி ஒன்றா இரண்டா என்பதில் எனக்கும் இக்பாலுக்கும் கருத்து வேறுபாடு இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

அப்போது நான் சிவகாசியில் காலண்டர் அச்சிடும் கம்பெனி ஒன்றில் பார்த்துவந்த வேலையை விட்டிருந்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள்களை நானே வடிவமைத்து, நானே திருத்தி, வெளி அச்சகத்தில் அச்சிட்டுத் தருவது என் திட்டம். திட்டம் தொடங்கி இரண்டு மாதமாகியும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. (அவள் ஒன்றும் சொல்லாமலிருப்பது எப்படியிருக்கும் என்பதை எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள் அறிவார்கள்.) இந்நிலையில் தாயில்பட்டிப் பக்கத்தில் ஆலை வைத்திருந்த முதலாளி ஒருவர் சங்குசக்கரப் பெட்டிக்கு லேபிள் மாதிரி கேட்டார். "திங்கக்கிழமை பதினோரு மணிக்குள்ள புரூப்ப நேர்ல கொண்டாந்து காட்டுங்க பாய். புடிச்சிருந்தா இந்த சீசனுக்கு எல்லாப் பெட்டிக்கும் உங்ககிட்டயே குடுத்துருதேன். அதுக்கு மேல நான் வெளியூர் போயிருவேன்" என்றார். விருதுநகரில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்த ஆலைக்குப் போக இரண்டு பேருந்து மாறி, அதன்பின் நடக்கவும் வேண்டும். எனவே ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

ஆமத்தூரில் முத்தையா அண்ணாச்சி என்று ஒருவர், ஆலைகளுக்கு வேன் ஓட்டி ஓய்ந்தவர், பதினெட்டு ஆண்டுப் பழைய வண்டியொன்றை விற்பதாக இக்பால் கேள்விப்பட்டிருந்தான். இருவரும் போனோம்.

"வாங்க பாய், வாங்க. வண்டி உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு நிக்குது" என்றார் அண்ணாச்சி.

எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"இப்பத்தான் கடைக்கி ஓட்டிட்டுப் போயிட்டு வந்தேன்" என்றார் அவர், நான் கேளாமலே.

பழைய வண்டி வாங்கப் போகிறவன் ஆறிய எஞ்சினைத்தான் கேட்டு வாங்கி உதைத்துப் பார்க்க வேண்டும் என்பதும், முன்கூட்டியே சூடேற்றி வைக்கப்பட்ட எஞ்சின் எதையோ மறைக்கக்கூடும் என்பதும் இன்று எனக்குத் தெரியும். அன்றோ, நாள்தோறும் ஓடுகிற உயிரோட்டமுள்ள வண்டி என்று மகிழ்ந்தேன்.

பின்னர் நான் அறிந்த ஒரே சோதனையைத் தொடங்கினேன். ஆர்.சி. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, இக்பாலை வண்டியின் அருகே குந்தவைத்து, எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் அவன் உரக்க வாசிக்க, நான் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். அச்சகத்தில் இருவர் மெய்ப்புப் பார்க்கும் முறை இதுதான். சேஸிஸ் எண்ணின்மேல் கிரீஸ் படிந்திருந்ததால் ஓரிடத்தில் தடைப்பட்டோம்.

"ஆறு மாதிரி இருக்கு மச்சான்."

"மாதிரியெல்லாம் வேண்டாம். ஆறா, எட்டா?"

"தலைய ஆட்டாம பாத்தா ஆறு. ஆட்டுனா எட்டு."

"தொடச்சிட்டுப் பாரு மாப்ள."

துடைத்தும் ஐயம் தீரவில்லை. அண்ணாச்சியிடம் ஒரு தாளும் பென்சிலும் கேட்டு வாங்கி, எண்ணின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுத்தோம். ஆறு. அடுத்து ஒப்பிட்டேன்: உரிமையாளர் பெயர், தந்தை பெயர், பதிவு புதுப்பிக்கப்பட்ட விவரம், கடன் நிலுவையின்மை, காப்பீடு. ஒரு பிழையும் இல்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அண்ணாச்சி இரண்டு முறை தேநீர் வரவழைத்தார்.

"இத்தன வருசத்துல இந்தப் புஸ்தகத்த முழுசா வாசிச்ச மொத ஆளு நீங்கதான் பாய்" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஊர் எல்லைவரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நான் ஓட்ட, அவர் பின்னால் அமர்ந்தார். வண்டி நன்றாக ஓடியது. திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தபோது 'டமார்' என்று ஓர் ஓசை. சற்றுத் தூரம் போனதும் மறுபடியும் ஒன்று.

இவ்விடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வெடியோசை கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏதேனும் ஒரு கம்பெனி மாதிரி வெடித்துப் பார்க்கும். அல்லது கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். குழந்தைகள்கூட அந்த ஓசைக்கு விழிப்பதில்லை. எங்கள் காது அதைக் காற்றின் ஓசைபோல் வடிகட்டிவிடும்.

"யாரு வீட்ல அண்ணாச்சி விசேசம்?" என்று கேட்டேன்.

"நம்ம பக்கம் விசேசத்துக்கு என்ன பாய் கொறச்சல்?" என்றார் அவர்.

அந்த விடையை இன்றுவரை பலமுறை வாசித்துப் பார்த்துவிட்டேன். அதில் பொய் என்று சுட்டிக்காட்டத்தக்க ஒரு சொல்லும் இல்லை.

அன்றே பணம் கொடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை சட்டையை மடிப்புக் கலையாமல் அணிந்து, லேபிள் மாதிரியை அட்டையில் வைத்துப் பைக்குள் இட்டுப் புறப்பட்டேன். ஆமத்தூர் தாண்டியதும் இரண்டு வெடி. திருத்தங்கல் அருகில் மூன்று. சிவகாசி நகருக்குள் நெரிசலில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் போக வேண்டியிருந்ததால் தொடர்ந்து பல. கடைக்காரர்கள் யாரும் தலை நிமிரவில்லை. போகுமிடமெல்லாம் மாதிரி வெடித்துப் பார்க்கிறார்களே, இவ்வாண்டு சீசன் அமோகமாக இருக்கும்போல என்று மனம் நிறைந்தேன். வெடிகள் யாவும் எனக்கு ஒரே தொலைவில் ஏன் கேட்டன என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆலைக்குச் செல்லும் மண்பாதை வாயிலை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. மணி பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. வாயிலுக்குச் சற்று முன் ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்டேன். மூன்று வெடிகள் அடுத்தடுத்து.

வாயிலுக்கு வெளியே வெடி வெறும் ஓசை. வாயிலுக்கு உள்ளே அது அப்படியன்று. மருந்து இருக்கும் அறைகளில் வேலை செய்வோர், எதிர்பாராத ஓசை கேட்டால் கையில் உள்ளதை அப்படியே விட்டுவிட்டு, அருகிலுள்ள கதவு வழியே வெளியேறி ஓடவேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர்கள் ஓடியதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஏன் ஓடுகிறார்கள் என்பது இந்தப் பகுதியில் எல்லா வீட்டுக்கும் தெரியும். நகைப்புக்குரியவன் நான் ஒருவனே.

நான் கண்டது இதுதான்: வெறுங்காலோடு பெண்களும் ஆண்களும் அறைகளிலிருந்து வெளிப்பட்டு, வாயிலைத் தாண்டி என்னை நோக்கி ஓடிவந்தனர். உள்ளே வெடித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். அந்தப் பதற்றத்திலும் வண்டிக்குச் சைடு ஸ்டாண்டு போட மறக்கவில்லை. எஞ்சினை அணைக்கத்தான் மறந்தேன். பிறகு நானும் ஓடினேன். வேலிக்கருவை மண்டிய பொட்டல்வரை ஓடினேன். போர்மேனின் கூற்றுப்படி, அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்.

"எங்கன வெடிச்சது?" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். அவர் பெயர் பாண்டியம்மாள் என்பது பின்னர் தெரிந்தது.

"கேட்டுப் பக்கம்தான் பாய் கேட்டுச்சு" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

"அல்லா! நான் இப்பத்தான் அங்கன இருந்து வாரேன்" என்றேன்.

போர்மேன் செல்லச்சாமி ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. வாட்ச்மேனை அழைத்து ஆள் எண்ணச் சொன்னார். வாட்ச்மேன் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணி முடித்து, விழித்தபடி நின்றார்.

"எம்புட்டுலே?"

"முப்பத்தொம்பது."

"காலையில உள்ள வந்தது முப்பத்தெட்டு. ஒழுங்கா எண்ணுலே."

மறுபடியும் எண்ணினார். மறுபடியும் முப்பத்தொன்பது. ஓர் எண் குறைந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கூடியிருந்தால் என்ன செய்வது என்பது யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கணக்கில் பிழை நான்தான் என்பது, பிழை பிடித்தே பிழைத்த எனக்கும் தெரியவில்லை. நானும் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

பாண்டியம்மாள்தான் கண்டுபிடித்தார். "அந்தா, வெள்ளச்சட்ட போட்டு நிக்காகள்ல, அவுக நம்ம ஆளு இல்ல."

"பாய், நீங்க யாரு? எந்த ரூம்பு?" என்றார் போர்மேன்.

"நான் லேபிள்" என்றேன்.

அவர் அடுத்துக் கேட்க வாயெடுத்தபோது, வாயிலருகே தன்னந்தனியாக உறுமிக்கொண்டிருந்த என் வண்டி ஒருமுறை வெடித்தது. முப்பத்தெட்டுப் பேரும் வண்டியைப் பார்த்தனர். பிறகு என்னைப் பார்த்தனர்.

"கேட்ட வெடியும் அவுகதான், மொதல்ல ஓடுன ஆளும் அவுகதான்" என்றார் பாண்டியம்மாள். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தனர். சிலர் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதனர். காலில் முள் தைத்தவர் ஐவர். முதலில் போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டேன். "முள்ளுதான பாய், போவுது" என்றார்கள். அதுதான் எனக்கு அதிகம் தைத்தது.

முதலாளி வந்தார். எல்லா அறைகளையும் சோதிக்கும்வரை எவரும் உள்ளே செல்லக் கூடாது என்பதால் அன்றைய வேலை நின்றது. பையிலிருந்து லேபிள் மாதிரியை எடுத்து நீட்டினேன். அவர் கை அதை வாங்க நீளவில்லை.

"பாய், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா லேபிள நான் வேற எடத்துல பாத்துக்கிடுதேன். நீங்க பத்திரமா வீடு போய்ச் சேருங்க. வண்டிய மட்டும் இங்கன ஸ்டார்ட் பண்ணாதீக."

சரிவில் இறங்கி வந்த வழியே வண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு போனேன். சாலைக்கு வந்தபின் இக்பாலை அழைத்தேன். விருதுநகர்வரை அவன் தன் வண்டியில் அமர்ந்தபடி என் வண்டியைக் காலால் உந்திக் கொண்டுவந்து, மெக்கானிக்கிடம் சேர்த்தான்.

மெக்கானிக் குனிந்து ஒரே ஒரு முறை பார்த்தார். "சைலன்சர் ஜாயின்ட்ல பேக்கிங்கே இல்ல. வெளிக்காத்து உள்ள போகுது. ஆக்ஸிலேட்டர விட்டீகன்னா மிச்ச பெட்ரோலு சைலன்சருக்குள்ள போயி எரியுது. கார்புரேட்டரும் சரியில்ல. வாங்குறப்ப எஞ்சின் ஆறி இருந்துச்சா?"

"இல்லை."

"பொக என்ன கலர்ல வந்துச்சு?"

"பார்க்கவில்லை."

"முன்னாடி போர்க்குல ஆயில் கசியுதே, அது?"

"பார்க்கவில்லை."

"செயினு? டேங்குக்குள்ள துரு?"

நான் இக்பாலைப் பார்த்தேன்.

"அப்ப என்னதான் பாய் பாத்தீக?"

"நம்பர் பாத்தோம்ணே" என்றான் இக்பால். "நம்பர் எல்லாம் கரெக்டு."

இன்று பழைய வண்டி வாங்க எண்ணி என்னிடம் கேட்போருக்கு மெக்கானிக்கின் வினாக்களையே விடையாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: வண்டியை ஓசையற்ற இடத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கள் பகுதியில் அப்படியோர் இடம் தேடிக்கொள்வது அவரவர் பொறுப்பு.

மூன்று வாரம் கழித்து அதே முதலாளி அழைத்தார். வாயிலுக்கு நூறு அடி முன்பாக வைக்க ஒரு பெரிய பலகை வேண்டுமாம். வாசகத்தை என்னையே எழுதச் சொன்னார். "என்ன எழுதணும்னு ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்பது அவர் சொன்ன காரணம். 'வாகனத்தை இங்கேயே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தள்ளிக்கொண்டு வரவும்' என்று எழுதினேன். அதன் மெய்ப்பை மூன்று முறை பார்த்தேன். என் தொழிலின் முதல் ஆர்டர் அதுதான். அதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஆலைகளும் கேட்டன. இன்றுவரை லேபிள்களைவிட எச்சரிக்கைப் பலகைகளே எனக்குச் சோறு போடுகின்றன. வீட்டில் விருந்துக்கு ஆள் எண்ணும் ஒவ்வொரு முறையும் இக்பால் கடைசியாக என்னைச் சுட்டி, "ஒரு ஆளு கூட வருது" என்பான். என் மனைவி இப்போது அதற்கு வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

அன்று கொண்டுபோன சங்குசக்கர லேபிள் நன்றாக இருந்ததா என்பது தெரியவில்லை. முதலாளி அதைப் பார்க்கவே இல்லை.