விருந்தாளிச் சட்டம்

தங்கத்தூண் நாட்டில் குனிந்து வேலை செய்வது கௌரவக் குறைச்சல். ஆனாலும் தரையைப் பெருக்கியாக வேண்டும், நாற்று நட்டாக வேண்டும். ஆகவே மன்னர் கடல் தாண்டி ஆள் வரவழைத்தார். 'கூலியாள்' என்றால் காதுக்கு நன்றாயில்லை என்று, அவர்களுக்கு 'விருந்தாளி' எனப் பெயரிட்டுச் சட்டமும் இயற்றினார்.

அப்படி வந்திறங்கியவள் செவந்தி. மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பட்டு வியாபாரி வைரவேலர் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். வாசலிலேயே அவள் செருப்பை வாங்கிப் பெட்டியில் பூட்டினார் அவர். விருந்தாளியின் செருப்பை வீட்டுக்காரர்தான் பத்திரப்படுத்த வேண்டுமாம், சட்டம். அந்நாட்டுத் தெருக்களோ தோசைக்கல்லாய்க் கொதிக்கும். வெறுங்காலோடு தெருமுனைவரைகூடப் போக முடியாது.

செவந்தி சம்பளம் கேட்டாள். வைரவேலர் அரண்மனையில் முறையிட்டார். விருந்துக்கு வந்தவர் காசு கேட்பது பண்பாடல்ல என்று ஆணை வந்தது. வேறு வீட்டுக்குப் போகப் பார்த்தாள். பாதி விருந்தில் எழுந்து போவது அவமதிப்பு என்று இன்னோர் ஆணை. மகள் காய்ச்சலில் கிடக்கிறாள் என்று சேதி வந்தபோது, வைரவேலர் வீட்டுக்கு வந்திருந்த உபசரிப்பு அமைச்சரின் காலிலேயே விழுந்துவிட்டாள்.

"ஐயா, செருப்பை மட்டும் வாங்கித் தாங்க. புள்ளையப் பாத்துட்டு வந்துடறேன்."

"அம்மணி, எங்கள் உபசரிப்பில் என்ன குறை கண்டீர்கள்? மனம் புண்படுகிறது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அமைச்சர்.

செவந்திக்கு அழுகை வரவில்லை; ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் அடுப்பே மூட்டாமல், சாப்பாட்டுக் கூடத்தில் வைரவேலருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன இது?"

"நான் விருந்தாளியாச்சே. இலையைப் போடுங்க. பாயசத்துல முந்திரி கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

சேதி பரவியது. நாடெங்கும் விருந்தாளிகள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். தெருவெல்லாம் குப்பை மலை. வயல்கள் காய்ந்தன. மந்திரிகள் வெந்நீர் வைக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டார்கள்.

"சட்டப்படிதான் உட்கார்ந்திருக்கிறார்கள், பிரபு" என்று கையைப் பிசைந்தார் தலைமை நீதிபதி.

கடைசியில் மன்னரே எல்லோரையும் பல்லக்கு அனுப்பி வரவழைத்து, மாடத்தில் தோன்றினார்.

"தவறு எங்களுடையது. விருந்தாளிகள் என்று உங்களைப் பிரித்துவைத்தோம். அந்தச் சட்டம் இன்றோடு ரத்து. இனி நீங்கள் எங்கள் குடும்பம்!"

கூட்டம் ஆரவாரித்தது. செவந்தியும் கைவலிக்கத் தட்டினாள். பிறகு பக்கத்தில் நின்ற உபசரிப்பு அமைச்சரிடம், "அப்ப என் செருப்பு எங்கய்யா?" என்றாள்.

அமைச்சர் அன்பு ததும்ப அவளைப் பார்த்தார்.

"வீட்டு மனுஷிக்கு வெளியில என்னடி வேலை? போய் உலையை வை."