சர்வேயர் தோற்க மாட்டார்

தோற்கத் தெரியாதவர்கள் என்று ஒரு ரகம் உண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம், வரிசையில் முதலிடம், சீட்டாட்டத்தில் கடைசிக் கை, மூன்றும் அவர்களுக்கே வேண்டும். பேரப்பிள்ளையோடு ஓட்டப்பந்தயம் வைத்தாலும், மூச்சிரைக்க முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். வெட்கமா? மூச்!

அந்த ரகத்தில் முதல் தரம் நம் சர்வேயர். வேலை பார்த்த காலம் முழுக்க நிலம் அளந்தவர், ஓய்வு பெற்றதும் சமையலறையை அளக்கத் தொடங்கினார். அதைத் தாங்க முடியாமல் மனைவி அவரைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் விளையாட்டுக் காட்டும் தொண்டர் குழுவில் சேர்த்துவிட்டாள். மற்றவர்கள் சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு, பலூனை முறுக்கி நாயாக்கி, கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பு விநியோகம் செய்ய, இவர் பாம்பு ஏணி அட்டையை விரித்து உட்கார்ந்தார்.

குழுத் தலைவி முதல் நாளே சொல்லியிருந்தாள்: "சார், பிள்ளைங்ககிட்ட நாமதான் தோத்துப் போகணும்."

சர்வேயர் தலையாட்டினார். தலையாட்டுவதற்கென்ன காசா பணமா?

மூலைக் கட்டிலில் ஒன்பது வயதுப் பெண். ரத்தத்தில் ஏதோ கோளாறு. மூன்று மாதமாகக் கையில் ஊசிக் குழாய். அவளிடம் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தார். அதிர்ஷ்டம்தான், அவரைக் கேட்டால் திறமை என்பார். நாலாவது ஆட்டத்தில் அவள் காய் எழுபத்தாறில், பாம்பின் வாயில் போய் நின்றது.

"இறங்கு."

பலூன்காரர் பதறி ஓடிவந்தார். "அந்தப் பாம்பு தூங்குதுடா கண்ணு, நீ மேல போ!"

"தூங்குதா? வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு!" என்றார் சர்வேயர்.

தலைவி அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுக்கக் கட்டிலுக்குத் திரும்பியவரிடம் அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்:

"தாத்தா, நீங்க வர்றவரைக்கும் மூணு மாசமா என்னை ஒரு பாம்புகூடக் கடிச்சதில்ல. மத்த எல்லாரும் என்கிட்ட தோத்துக்கிட்டே இருக்காங்க. நான் செத்துப்போயிடுவேனா?"

பலூன்காரர் அவசரமாகப் பலூனைத் தேடினார். சர்வேயர் எடுத்த கூட்டைக் கீழே வைத்தார். எல்லைக்கல்லை ஒரு அங்குலம்கூடத் தள்ளி நட்டறியாத மனுஷனுக்குப் பொய் சட்டென்று வருமா?

"எனக்குத் தெரியாதும்மா. டாக்டரையே கேப்போம், நானும் கூட நிக்கறேன். அதுக்காக எழுபத்தாறுல உக்காந்துக்கிட்டு சாக்குச் சொல்லாதே. இறங்கு!"

முறைத்தாள். பிறகு கட்டில் ஆடக் குலுங்கிச் சிரித்தாள். காயைத் தானே இருபத்தெட்டுக்கு இழுத்து வந்தாள்.

டாக்டர் வந்து அவளிடமே பேசினார்: மருந்து வேலை செய்கிறது, ஆனால் இன்னும் நாளாகும். அவள் அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி, யார் ஆட்டம்?" என்றாள். தலைவி சர்வேயர் பக்கம் பார்க்காமலே, "நாளைக்கும் வாங்க சார்," என்றாள்.

அந்த ஆட்டத்தை அவள்தான் ஜெயித்தாள், ஒரு கட்டம்கூட யாரும் விட்டுக்கொடுக்காமல். நம்மவர் பூரித்துப்போனார் என்றா நினைக்கிறீர்கள்? பகடை சரியாக உருளவில்லை என்றார், மெத்தை மட்டமாக இல்லை என்றார், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். மறுநாள் கதவு திறக்குமுன்பே வாசலில் நின்றார், பழிதீர்க்க.

நீங்கள் அந்த ரகம் இல்லையா? இல்லவே இல்லையா? சத்தியமாக இல்லையா? சரி, சரி, நீங்களே ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.