துரைசாமி பேரில் நான் வாங்கிய மார்க்

சட்டக் கல்லூரித் தேர்வு ஒன்றில் நான் நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். படித்தது எட்டாம் வகுப்பு, அதிலும் பாதி. இத்தனை வருடம் இதை வெளியில் சொல்லாததற்குக் காரணம் அடக்கம் இல்லை, ஜெயில் பயம். (இந்த வயதில் என்னைப் பிடித்து உள்ளே போட்டால் மூன்று வேளை மாத்திரையையும் அவர்களே தர வேண்டும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.)

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எங்களுக்கு ஊர் எருத்தேன்பதி, பாலக்காட்டுப் பக்கம் மலையாளத்துக்காரர்களுக்கு நடுவே தமிழ் பேசும் ஊர். கொஞ்சம் நிலம், நிறையத் தண்ணீர்ச் சண்டை. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய நான் அதற்கப்புறம் நிற்கவே இல்லை. போடிமெட்டில் ஏலக்காய் மூட்டை தூக்கினேன், பள்ளிவாசல் எஸ்டேட்டில் தேயிலைக்கு மருந்தடித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன். பசித்தால் அடுத்த ஊர். அதுதான் திட்டம். தம்பி துரைசாமி அப்படியில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து சட்டம் படித்தான்.

அந்த முறை விடியற்காலையில் நான் வீட்டுக்கு வந்தபோது அவன் மஞ்சள் காமாலையில் கிடந்தான். கண் இரண்டும் பழுத்த எலுமிச்சை மாதிரி இருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏனுங்ண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள இந்த மனுவ காலேஜ் ஆபீசுல குடுக்கோணும். பேரு குடுத்துட்டுப் பரிச்சைக்குப் போகாம உட்டா பெயிலுன்னு எழுதிப்போடுவாங்க. பின்வாங்கறேன்னு மனு குடுத்துட்டா பெயிலு இல்லீங்க. அடுத்த தடவ எழுதிக்கலாம்."

"பெயிலானா என்னடா? நானெல்லாம் ஆகலியா?"

"ஏற்கெனவே ஒரு பேப்பர் போச்சுங்ண்ணா. இன்னொண்ணும் போனா பேர வெட்டிருவாங்க. அப்பறம் படிப்பே இல்ல." மூச்சு வாங்கியது அவனுக்கு. "இன்னொரு சங்கதி. இந்தப் பேப்பருக்கு இன்னைக்கு அங்க வாய்ப் பரிச்சை நடக்குது. ஒரு மார்க்கு உளுந்துட்டாப் போதும், அப்பறம் பின்வாங்க உட மாட்டாங்க."

"நீதான் கட்டல்ல கெடக்கறயே, மார்க்கு எப்படிறா உளுகும்?" என்று சிரித்தேன். ஆபீசுக்குப் போகிறோமே என்று அவனுடைய ஒரே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் வெள்ளைச் சட்டைப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் முறை பிரிக்கும்போது நிலத்துக்காரன் பேரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். அந்த வீட்டு ஆள் யாராவது ஒருவன் "இருக்கறமுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்பன் பேருக்கு மகன் சொல்லலாம், தம்பி பேருக்கு அண்ணன் சொல்லலாம். மூன்றாவது கூப்பாட்டுக்கும் சத்தம் வராவிட்டால் அந்த முறை போச்சு, பயிர் காய்ந்துவிடும். பத்து வயதில் ஒரு தடவை நான் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அன்றைக்கு அப்பா கொடுத்த அடி என் முதுகுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு அறைக் கதவு திறந்தது. காக்கி உடுப்புப் பியூன் தலையை நீட்டினார். "துரைசாமி! எருத்தேன்பதி துரைசாமி!"

யாரும் எழவில்லை.

"துரைசாமி உண்டோ?"

என் முதுகு நிமிர்ந்தது.

"துரைசாமி!"

"இருக்கறமுங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"வேகம் வா" என்று கையைப் பிடித்து உள்ளே தள்ளினார். 'அது நானில்லைங்க' என்று சொல்வதற்குள் நாற்காலியில் இருந்தேன். எதிரே மூன்று பேர். வெளியூரிலிருந்து வந்த பரீட்சைக்காரர்கள். துரைசாமியின் முகம் தெரியாதவர்கள். ஆள் மாறாட்டத்துக்கு எத்தனை வருடம் என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். எழுந்தால் கைது, உட்கார்ந்தால் கேள்வி. உட்கார்ந்திருந்தேன். 

முதல் ஆள் இங்கிலீஷில் கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடி மின்விசிறி.

நடுவில் இருந்த விபூதிக்காரர் பாலக்காட்டு டவுன்காரர் போல. "பயப்படாதேடா கொழந்தே. எருத்தேன்பதின்னா தமிழ்தானே? தமிழ்லேயே சொல்லு. மேல வயல்காரன் வாய்க்காலை அடைச்சுட்டான். கீழ வயல்காரன் என்ன பண்ணணும்?"

இது எனக்குத் தெரியும்! "மொதல்ல மம்பட்டிய ஒளிச்சு வெக்கோணுமுங்க."

"ஏனாம்?"

"எங்கப்பன் மம்பட்டியோட போய் அடைப்ப வெட்டுனாருங்க. ஞாயம் எங்க பக்கம். போலீசு எங்கப்பனத்தானுங்க கூட்டிட்டுப் போச்சு." பயத்தில் வாய் நிற்கவில்லை. "ரெண்டு சாட்சியக் கூட்டிட்டுப் போய்க் காட்டோணும். எத்தன வருசமா தண்ணி அந்த வழியா வருதுன்னு வயசானவங்கள வெச்சுச் சொல்ல வெக்கோணும். அப்பறந்தானுங்க கோர்ட்டு."

"கேட்டேளா?" என்று அவர் மற்றவர்களைப் பார்த்தார். "காலம்பறலேர்ந்து ஒருத்தனாவது மம்பட்டியைப் பத்திச் சொன்னானோ?" மூன்று பேரும் சிரித்தார்கள். பேனா ஏதோ எழுதியது. அது என் தம்பி தலையில் எழுதிய எழுத்து என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெளியே வந்து, திரும்பியிருந்த கிளார்க்கிடம் மனுவை நீட்டினேன். அவர் பட்டியலைப் பார்த்தார். "இயாள் இப்போள் பரீட்ச கழிஞ்ஞு போயல்லோ! மார்க் வீணால் பின்வலிக்கான் பற்றில்லா." (இந்த ஆள் இப்போதுதானே பரீட்சை முடித்துவிட்டுப் போனான், மார்க் விழுந்துவிட்டால் பின்வாங்க முடியாது என்கிறார். தம்பி சொன்ன அதே சங்கதி.)

பிறகு மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "மஞ்ஞப்பித்தம், கிடப்பிலாணு என்னெழுதியிட்டுண்டல்லோ? அப்போள் அகத்து போயது ஆரா?" (படுத்த படுக்கையாக இருப்பவன் எப்படி உள்ளே போனான் என்கிறார். நியாயமான கேள்வி.)

"எந்திரிச்சு வந்துட்டானுங்க."

"என்னிட்டு எவிடே?" (அப்புறம் ஆள் எங்கே?)

"மறுக்காப் படுத்துட்டானுங்க."

அவர் பியூனைக் கூப்பிட வாயைத் திறந்தார். நான் மனுவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

வழியெல்லாம் காக்கி. தபால்காரரைப் பார்த்துச் சந்துக்குள் நுழைந்தேன். பஸ் கண்டக்டர் தோளைத் தொட்டதும் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். அவர் அதில் டிக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். மலைக்குப் போகிற பஸ் அது. போடிமெட்டில் என்னை எவன் கண்டுபிடிக்கப் போகிறான்? ஆனால் வீட்டில் ஒருத்தன் மனு சேர்ந்துவிட்டது என்று நம்பிப் படுத்திருப்பான். மூன்று நாளில் எழுத்துப் பரீட்சை. போகாவிட்டால் பேர் வெட்டு. அதையெல்லாம் நினைத்து இறங்கினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் நெற்றி வியர்வையைத் துடைக்கத் தலையைக் குனிந்தபோது அவன் சட்டை கண்ணில் பட்டது. அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியவில்லை. இறங்கிவிட்டேன்.

மறுநாள் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். துரைசாமி மஞ்சள் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என்ன கேட்டாங்க?"

சொன்னேன்.

"மம்பட்டிய ஒளிச்சு வெக்கோணும்னா சொன்னீங்க?" அவன் சிரித்தான். சிரித்தபடியே அழுதான். பிறகு, "அந்தப் புஸ்தகத்த எடுங்க" என்றான்.

மூன்றாம் நாள் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் வாசலில் விட்டேன். நான் வெளியே புளியமரத்தடியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தேன். அப்படியும் அதே பியூன் வந்துவிட்டார். "எடோ, பெல்லடிச்சு! பரீட்ச எழுதுந்நில்லே?" என்று என் கையையும் துண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். துண்டு அவர் கையில் நின்றது. நான் நிற்கவில்லை.

எழுத்தில் அவன் தட்டுத்தடுமாறி, வாய்ப் பரிச்சை மார்க்கைப் பிடித்துக் கரையேறினான். பிறகு எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூரில் வக்கீலானான். அவன் வாங்கிய மார்க்குகளிலேயே பெரியது என்னுடையதுதான்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ரேஷன் கடையோ கல்யாண மண்டபமோ, யார் பேரையாவது சத்தமாகக் கூப்பிட்டால் எல்லோரும் ஒன்றாக என் பக்கம் திரும்புவார்கள். துரைசாமியின் மகள், "பெரியப்பா, வாய மூடிக்கோங்க" என்பாள்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் அவள் அப்படிச் சொல்லிவிட்டு மருந்து வாங்கப் போனாள். நர்ஸ் வெளியே வந்து ஒரு பேரைக் கூப்பிட்டார். மூன்று தடவை. என் முதுகு நிமிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

கூப்பிட்டது என் பேர்தான்.