காணாமல் போன கமலா

ஸ்கூட்டர் வந்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்கூட்டர் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். (காத்திருந்த காலத்தில் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.) வண்டி வந்த அன்று, திருவண்ணாமலை செங்கம் சாலையில் தாசில்தாரே ஒதுங்கி வழிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். ஒதுங்கியது ஓர் எருமை மட்டும்தான்.

வண்டியின் பின்னால் ஸ்டெப்னி, அதாவது உபரிச் சக்கரம். அதற்கு ஒரு ரெக்சின் உறை. பெயிண்டரைப் பிடித்து அதன் மேல் கொட்டை எழுத்தில் 'கமலா' என்று மனைவியின் பெயரை எழுதவைத்தேன். ஸ்டெப்னி என்றால் எங்கள் ஊர் டீக்கடைகளில் 'சின்ன வீடு' என்றும் பொருள் உண்டு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. பாசத்தில் மறந்துவிட்டது.

கார்த்திகை தீபத்தன்று தேரடிப் பக்கம் ஒரு சந்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நானும் கமலாவும் தீபம் பார்த்தோம். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் வண்டி நிற்கிறது, ஸ்டெப்னியைக் காணோம். எவனோ உறையோடு கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

"கவலைப்படாதே, இன்சூரன்ஸ் இருக்கு" என்றேன், கம்பெனியே என்னுடையது போல. அதற்கு முதலில் போலீஸ் புகார் வேண்டும். கமலாவை வீட்டில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தீபக் கூட்டத்தில் எதையாவது தொலைத்தவர்களெல்லாம் அங்கே இருந்தார்கள்.

"இன்னா காணோம்?" என்றார் ஏட்டு.

"ஸ்டெப்னி சார்."

"அடையாளம்?"

"கமலானு பேர் எழுதியிருக்கும்."

ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பச்சை குத்தினதா?"

"இல்ல சார், பெயிண்ட்டு."

ஸ்டேஷனே சிரித்தது. சிரிக்காமல் நழுவியவர் ஒருவர்தான். அவர் அடி அண்ணாமலையில் என் மாமனார் தெருக்காரர் என்பது மறுநாள் விடிந்ததும் தெரிந்தது.

மாமனார் வேர்க்கடலை விவசாயி. அதிர்ந்து பேசாதவர். அவர் இரண்டு மகன்களோடு வாசலில் நின்றார்.

"இன்னா மாப்ள, ஸ்டெப்னி ஒண்ணு வச்சிருந்தீங்களாமே. அதுக்கும் எம் பொண்ணு பேருதானாமே?"

மைத்துனர்கள் சட்டைக் கையை மடித்தார்கள். நல்லவேளை, கமலா வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய், ஸ்கூட்டரின் பின்னால் காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள். "சக்கரம் நைனா, சக்கரம்!" அவர் சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. பரிகாரமாக, இன்சூரன்ஸ் ஆபீசுக்குத் துணைக்கு வருவதாகச் சொன்னார். கமலாவும் கிளம்பினாள்.

அங்கிருந்த அதிகாரி பாலிசியைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஸ்டெப்னி மட்டும் போனா கிளெய்ம் கிடையாது சார். வண்டியோட சேர்த்துப் போயிருக்கணும்."

(ஆக, திருடன் அரைகுறையாக வேலை பார்த்தது எங்கள் குற்றம்!)

பிறகு குரலைத் தணித்தார். "வண்டியே திருடு போச்சு, அப்பறம் ஸ்டெப்னி இல்லாம கிடைச்சுதுனு எழுதிக் குடுங்களேன். நான் பாத்துக்கறேன்."

நான் பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதல் வரியைக்கூட மனதில் எழுதிவிட்டேன். மாமனார் மகளையே பார்த்தார்.

"சார்," என்றாள் கமலா, "வண்டி எங்கியும் போவல. வுட்ட எடத்துலயேதான் நின்னுச்சு. ஏற்கெனவே ஊரெல்லாம் என்னைக் காணோம்னு பேசறாங்க. இப்ப நிக்கிற வண்டியையும் காணோம்னு எழுதணுமா? எங்களுக்குக் கிளெய்ம் வேணாங்க. எந்திரிங்க, போலாம்." கடைசி வாக்கியம் எனக்கு.

ஆபீசே திரும்பிப் பார்த்தது. மாமனார் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "எம் பொண்ணு சார்" என்று அதிகாரியிடம் தேவையில்லாமல் அறிமுகப்படுத்தினார். எனக்கும் "என் சம்சாரம் சார்" என்று கத்தத் தோன்றியது. ஸ்கூட்டர் வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. பேனாவை மூடிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.

புது ஸ்டெப்னி வாங்க வெகுகாலம் வசதிப்படவில்லை. பஞ்சர் ஆனால் நான் வண்டியைத் தள்ளுவேன், கமலா கூடவே நடந்து வருவாள். வழியில் யாராவது "இன்னாங்க, ஸ்டெப்னி இல்லியா?" என்று கேட்டால், நிமிர்ந்து பதில் சொல்வாள்: "எங்க வூட்டுக்காரருக்கு அதெல்லாம் கிடையாதுங்க."

இன்றும் நான் வீட்டுக்கு வரத் தாமதமானால் மகள் வாசலிலேயே கேட்பாள்: "இன்னாப்பா, கமலாவைத் தேடிப் போயிருந்தியா?"

உள்ளேயிருந்து குரல் வரும்: "அவ எங்கடி போவா? வுட்ட எடத்துலயேதான் நிக்கிறா."