ஒருத்தி போன வீடு ஏன் சிறுக்கிறது?

உத்திரமேரூர்,
ஆனி மாதக் கடைசி.

அன்பு மகள் திலகாவுக்கு உன் நைனா சின்னப்பையன் எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, தங்கை நிஷா மூவரும் சுகம். ஓரிக்கையில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டார் எல்லோரும் அவ்வாறே இருக்க வேண்டும். போனில் பேசலாமென்றால் பாதியிலேயே உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

விஷயம் வேறொன்றுமில்லை, வேதியியல். பிளஸ் ஒன் படிக்கிற நிஷா, சோடியம் அணு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு அயனி ஆனால் சிறுத்துப்போகும் என்றாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? "ஒர்த்தர் எறங்கினா மத்தவங்க காலை நீட்டிக்கினு தாராளமா குந்துவாங்க, எப்படிம்மா சிறுக்கும்?" என்று கேட்டேன். "நைனா, நம்ம வூட்டையே பாரு. நடுவுல அம்மாதான் அணுக்கரு. அக்கா கீறப்போ மூணு பேரையும் இய்த்துக்கினு இருந்திச்சி. இப்போ அதே இய்ப்பு, ரெண்டே பேரு. வெளி வட்டத்துல இருந்தது அக்கா மட்டும்தான், அந்த வட்டமே பூட்ச்சி" என்றாள். யோசித்தேன், உண்மைதான். உனக்கு விழவேண்டிய திட்டும் இப்போது எனக்கே விழுகிறது. நீயும் நிஷாவும் ரிமோட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது நான் தெருவுக்கு ஓடுவேன். இப்போது சண்டையுமில்லை, ஓட்டமுமில்லை, இருவரும் அடுப்படி வாசலிலேயே குந்தியிருக்கிறோம். நீ படுத்த முன்னறைக்குள் யாரும் போவதில்லை. உங்கள் வீடு அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட குளோரினாம். உன் மாமியாரின் பிடி அதேதான், ஆள் ஒன்று கூடியதும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, குளிக்க வரிசை, கொழுந்தனுக்கு மொட்டை மாடி என்று வீடு பெருத்துவிட்டது. கொடுத்தவர் பிளஸ், வாங்கியவர் மைனஸ் என்றும் நிஷா சொன்னாள். சம்பந்தியம்மாளிடம் இதைச் சொல்லிவைக்காதே.

இதையெல்லாம் சொல்லி உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. ஆடி பிறந்தபின் பெண்ணை அழைத்துவருவதுதான் முறை. அதுவரை பொறுத்துக்கொள்வேன். உன்னைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பெரியவர்களுக்கு வணக்கம். இருவரும் ஒரு குறையுமில்லாமல் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் நைனா.

பி.கு.: தபாலில் போட்டால் நாளாகும். ஆகவே இதைக் கொடுத்த நிஷா உன் எதிரிலேயே நிற்பாள். நானும் அம்மாவும் உங்கள் தெருமுனையில் ஆட்டோவில் இருக்கிறோம். ஆடிக்கு முன்னால் சம்பந்தி முகத்தில் விழிக்க எனக்கு வெட்கம். முறையைப் பற்றி உன் மாமியார் கேட்டால் அம்மா வந்து பேசிக்கொள்வாள். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, கண்ணு.