நவரத்தினத்தின் முழங்கால்

“எந்த முழங்கால்?”

தைலப் போத்தலைத் திறந்துகொண்டே மனைவி சரோஜினிதேவி கேட்டதும் நவரத்தினம் திகைத்தார். போன கிழமை எதைச் சொன்னோம் என்பது நினைவில்லை.

“இடது.”

“போன கிழமை வலது எண்டனீங்கள்.”

“ரெண்டும்தான்!”

உண்மையில் இரண்டும் இல்லை. ஒன்றரை வருடமாக அவரைப் படுத்தி எடுத்தது விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு வலி. வேலை பார்க்கும் காப்புறுதிக் கந்தோரில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. மாத்திரைகள் ஒன்றும் எடுபடாமல் போக, தெஹிவளையில் ஒரு டொக்டர் ஷொக்வேவ் சிகிச்சை தொடங்கினார். அந்த இடத்தில் ஜெல் பூசி, ஒரு கருவியை அழுத்திப் பிடித்து, டக்டக்கென்று அதிர்வலை செலுத்துவார்கள். கிழமைக்கு ஒருதரம். மூன்று தரம் முடிந்து, வலி கொஞ்சம் குறைந்தும் இருந்தது. ஆனால் இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனுஷியிடம் இதை எந்த வாயால் சொல்வது? முழங்கால் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு முழங்காலிலும் தைலம் ஏறியது.

“இஞ்சருங்கோ, எனக்கும் முழங்கால் நோகுதுதானே. நாளைக்கு நானும் வாறன். எனக்கும் அந்த ஷொக்கை வைக்கட்டும்.”

“அது ஆம்பிளையளுக்கு மட்டும்.”

“முழங்காலில என்ன ஆம்பிளை, பொம்பிளை?”

பயமுறுத்தினால் விட்டுவிடுவாள் என்று நினைத்தார். “சரோ, அது கரண்ட்! உயிர் போற மாதிரி இருக்கும்!” என்று கத்தினார்.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கத்தினால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். அரை மணித்தியாலத்தில் எதிர்வீட்டு மக்கீன் ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு வந்து நின்றார்.

“நவம் அண்ணே, மூளைக்குக் கரண்ட் வெக்கிறாங்களாமே? என்னத்துக்கு இவ்வளவு யோசிக்கிறீங்க?”

“ஐயோ, மூளைக்கில்லை மக்கீன்!”

“அப்ப எங்க?”

நவரத்தினம் வட்டிலப்பக் கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தார்.

“முழங்காலுக்கு.”

“முழங்காலுக்கு யாரும் கரண்ட் வெப்பாங்களா?” மக்கீனின் கண்கள் கலங்கிவிட்டன. “அக்கா, இவரத் தனிய உட வாணாம்.”

அத்தோடு சரி. மறுநாள் முச்சக்கரவண்டியில் சரோஜினிதேவியும் ஏறிக்கொண்டாள். காலி வீதியின் ஒவ்வொரு குழிக்கும் வலி உச்சந்தலைக்கு ஏறியது. நவரத்தினம் ஒருபக்கமாகச் சரிந்து பல்லைக் கடித்தார்.

“முழங்காலோ?”

“ஓம்!”

கிளினிக் வாசலில் அவள் இறங்குவதற்குள் அவர் விழுந்தடித்துப் படியேறி, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் குனிந்தார்.

“தங்கச்சி, மனுசி வாறா. என்ன வருத்தம் எண்டு கேட்டா முழங்கால் எண்டு சொல்லுங்கோ. கும்பிட்டன்.”

அந்தப் பெண் குழம்பிப்போய்த் தலையாட்டினாள்.

சரோஜினிதேவி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். “இவருக்கு எத்தினையாம் நம்பர், பிள்ளை?”

குரலைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

“அட, நீங்களோ அன்ரி! நோயாளியின்ர விஷயம் கதைக்கேலாதெண்டு எத்தினை தரம் சொன்னாலும் விடாமல், ஒவ்வொரு கிழமையும் கோல் எடுத்து, ‘முழங்காலெண்டு பொய் சொல்லிப்போட்டு வாற என்ர மனுசனுக்கு இண்டைக்குக் கனக்க நொந்ததோ’ எண்டு கேட்கிறது நீங்கள்தானே?”