மூன்று வரி பார்ப்பவர்

லூப் போடுபவர் என்று ஓர் இனம் உண்டு. கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் பெருகிய பிறகு தோன்றிய இனம். பிரிக்பீல்ட்ஸில் மாடி ஏறிப் போகும் எந்த அலுவலகத்திலும் இன்று ஒருவராவது அகப்படுவார். இடுப்பில் கைத்தொலைபேசி, சட்டைப்பையில் எழுதாத பேனா மூன்று, வாயில் ஒரே மந்திரம்: "சிம்பிள் லா அங்கிள், ஒரு லூப் போட்டா முடிஞ்சது."

லூப் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? அட்டவணையில் ஒரு கட்டத்தைத் தொடு, உள்ளே இருப்பதை எடு, அடுத்த கட்டத்துக்குப் போ, தீரும்வரை போ என்று கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளை. அதில் குற்றமில்லை. முப்பத்தொரு வருடம் பதிவேடு எழுதி, நானும் அதையே விரலால் செய்தவன். கட்டளை போட்டவர் ஒரு கட்டத்தையாவது தாமே எட்டிப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி. பார்க்கமாட்டார். பார்த்தால் இனத்தை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள்.

அந்தக் கட்டளை எங்கே ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "சர்வர்ல ஓடுது" என்பார், கூரையைப் பார்த்துக்கொண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, வேறெங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் ஓடி, செய்து முடித்த பக்கத்தை மட்டும் உங்களுக்கு அனுப்புமாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை நடப்பதில் இவர்களுக்கு ஒரு தனி நிம்மதி.

எங்கள் இரத்ததானக் கழகத்தின் பதிவேட்டை இணையப் பக்கமாக்க 1999-இல் வாய்த்தவர் விஜயன், வயது நாற்பத்திரண்டு. என் பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர், ஊர், இரத்த வகை, தொலைபேசி, குறிப்பு என்று ஐந்து பத்திகள். வீட்டில் தொலைபேசி இல்லாத பத்தொன்பது பேருக்கு எண் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். இல்லை என்பதும் ஒரு பதிவுதான். அவர்களை எப்படிப் பிடிப்பது என்று குறிப்புப் பத்தியில் எழுதியிருந்தேன்.

விஜயன் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் அட்டவணையாக ஏற்றவைத்து, முதலில் குறிப்புப் பத்தியை வெட்டினார். "டிசைன் கெட்டுப்போகும் அங்கிள்." பிறகு லூப் போட்டார். பெயர்க் கட்டங்களை மேலிருந்து கீழே பொறுக்கி ஒரு வரிசை, எண் கட்டங்களைப் பொறுக்கி இன்னொரு வரிசை, இரண்டையும் முதலுக்கு முதல் என்று ஜோடி சேர்த்தார். காலிக் கட்டம் வந்தால்? தாண்டிப் போ என்று கட்டளை. காலிதானே, என்ன நஷ்டம்?

பக்கத்தின் திறப்பு விழாவில் முதல் மூன்று வரிகளைக் காட்டினார். மூன்றும் சரி. மூன்று சரியென்றால் மீதியும் சரி என்பது இந்த இனத்தின் வேதம். பக்கத்தின் அடிவரை பார்த்து, கடைசிப் பத்தொன்பது பேருக்கு எண்ணே இல்லையே என்றேன். "கீழ கொஞ்சம் இடம் விட்டாத்தான் பக்கம் அழகா இருக்கும்" என்றார். கூட்டம் கைதட்டியது.

மூன்றாம் வாரம், காலை ஒன்பதே முக்காலுக்கு, வாசு என்ற லோரி ஓட்டுநர் ஓடி வந்தார். அவர் மனைவி தங்கமணிக்குக் கிள்ளான் மருத்துவமனையில் பிரசவச் சிக்கல். ஓ நெகட்டிவ் இரத்தம் கையிருப்பில் இல்லை. ஆளைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

விஜயன் ஓ நெகட்டிவ் என்று தட்டினார். திரையில் ஒரே பெயர்: தம்புசாமி, ஜெஞ்சாரோம். பக்கத்தில் ஓர் எண். வாசு சுழற்றினார்.

"நாராயணன் பேசறேன், சுபாங் ஜெயா. தம்புசாமியா? அப்படி யாரும் இல்ல பாஸ். என்னோடது பி பாசிட்டிவ், வேணுமா?"

"சர்வர் தப்பு பண்ணாது" என்றார் விஜயன். "தம்புசாமி வீடு மாறியிருப்பாரு."

"மாறிப்போய் நாராயணன் ஆயிட்டாரா?" என்றேன்.

வாசு ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, மூணு மணிக்கு ஆபரேசன். எனக்கு சர்வர் வேணாம். ஆள் வேணும்."

பதிவேட்டைத் திறந்தேன். தம்புசாமி இருபத்து மூன்றாம் வரி. முதல் காலிக் கட்டம் அவருடையது. அதைத் தாண்டிப் போனதால் அடுத்த வரி நாராயணனின் எண் ஒரு படி மேலேறி அவரிடம் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து கீழே முந்நூற்றுத் தொண்ணூறு பேரில் ஒருவருக்கும் தன் எண் இல்லை. குறிப்புப் பத்தியில் என் கையெழுத்து: கோமதி ஒட்டுக்கடையில் கூப்பிட்டுச் சொல்லவும். கீழே அந்தத் தெருவோரச் சாப்பாட்டுக் கடையின் எண். சுழற்றினேன்.

"இருக்காரு, ரொட்டி சானாய் தின்னுக்கிட்டு இருக்காரு" என்றாள் கோமதி. "கையக் கழுவச் சொல்றேன்."

வாசு லோரியிலேயே போய் ஏற்றிக்கொண்டார். பன்னிரண்டு பத்துக்குத் தம்புசாமி கிள்ளானில். பெண் குழந்தை, இரண்டரை கிலோ. தாய் பிழைத்தாள்.

மறுநாள் விஜயன் வந்து உட்கார்ந்தார். வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? "பாத்தீங்களா அங்கிள், சிஸ்டம் ஆள் பேரைக் கரெக்டா காட்டுச்சு." அடுத்த கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

விஜயனை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் முதல் மூன்று வரியைப் பார்த்துவிட்டு "சரி, அடிங்க" என்றவர் யார்? இந்தக் கட்டுரையிலும் மேலே மூன்று பத்தி பார்த்துவிட்டு, மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று இங்கே குதித்து வந்தவரா நீங்கள்? இல்லையென்றால் பதில் சொல்லுங்கள்: தம்புசாமி வீட்டுத் தொலைபேசி எண்ணுக்கு எத்தனை இலக்கம்?